உப்புக்காற்றில் கருப்பு ஜன்னல்: எந்தச் சுவருக்கு எது?

மாப்பிள்ளை ஷார்ஜாவிலிருந்து வாட்ஸப்பில் அனுப்பிய படங்கள் மொத்தம் பதினேழு. எல்லாவற்றிலும் வெள்ளைச் சுவர், மெல்லிய கருப்புச் சட்டம், தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புல்வெளி. இரண்டு படத்தில் பனி கொட்டிக் கிடந்தது. கூடவே ஒரு குரல் பதிவு: "மச்சான், நம்ம வீட்டுக்கும் இதே மாதிரிதான் வேணும். நீங்கதான் பக்கத்துல இருக்கீங்க, பார்த்து முடிச்சிடுங்க."

வீடு எழும்புவது உச்சிப்புளியிலிருந்து புதுமடம் போகிற பக்கம். வாசல் வடக்கே, ரோட்டைப் பார்த்தது. பின்பக்கம் பனைகளுக்கு நடுவே பத்து நிமிடம் நடந்தால் மன்னார் வளைகுடா, நாங்கள் ஆண் கடல் என்று சொல்கிற பக்கம். தங்கச்சிக்கும் கருப்புச் சட்டம் பிடித்துவிட்டது. ஆத்தாவுக்கு மட்டும், "புது வீட்டுக்கு எதுக்குடா கருப்பு?" என்று மனத்தாங்கல். நான் குடியிருப்பது மண்டபத்தில். ஜன்னலால் ஏற்கெனவே ஒருமுறை சூடுபட்டவன் என்பதால், இந்தத் தடவை ராமநாதபுரம், மதுரை என்று இரண்டு மாதம் கடைகடையாக விசாரித்துவிட்டுத்தான் அட்வான்ஸில் கை வைத்தேன். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை இதே யோசனையில் இருக்கிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

அந்தப் பதினேழு படத்திலும் இல்லாத சில சாமான்கள் உண்டு. கம்பி இல்லை, கொசுவலை இல்லை, சன்ஷேட் இல்லை. நம் ஊரில் இந்த மூன்றும் இல்லாமல் ஜன்னல் இல்லை. கம்பி போட்ட பிறகு ரோட்டிலிருந்து பார்க்கிறவன் கண்ணுக்கு முதலில் தெரிவது கம்பிதான், சட்டம் அதற்குப் பிறகுதான். ஆகவே கருப்பு ஜன்னலுக்குச் செலவு செய்யப் போகிறவர், அதன் முன்னால் என்ன கம்பி நிற்கப் போகிறது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். இரண்டாயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கச் சாதா இரும்புக் கம்பி போட்டால், இரண்டாவது மழைக்குள் அதிலிருந்து செம்பழுப்புக் கண்ணீர் இறங்கி, கருப்புச் சட்டத்தையும் வெள்ளைச் சுவரையும் சேர்த்துக் கெடுக்கும்.

இந்தக் கருப்புச் சட்ட மோகம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், மூலம் இரும்பு ஜன்னல். இங்கிலாந்தில் கிரிட்டல் குடும்பத்தார் 1884 முதல் இரும்பில் ஜன்னல் செய்தார்கள். பிறகு தொழிற்சாலை, பள்ளிக்கூடம், வீடு என்று அது பரவியது. இரும்பு பலமானது என்பதால் சட்டம் இரண்டு விரல் அகலம் இருந்தால் போதும். அந்த மெலிவுதான் அழகு. கருப்பு அதற்கு அடித்த பெயின்ட். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அலுமினியத்தில் அதே ஜன்னலுக்கு மூன்று நான்கு விரல் அகலம் தேவைப்படும். யுபிவிசி என்கிற கெட்டி பிளாஸ்டிக்கில் சட்டமும் கதவும் சேர்ந்து அரைச் சாண் வந்துவிடும். படத்தில் கோடாகத் தெரிந்தது நம் சுவரில் பட்டையாகத் தெரியும். கடைக்குப் போனால் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள்; ஷோரூமில் வைத்திருக்கிற சாம்பிள் ஜன்னலின் சட்டத்தை விரலால் அளந்தாலே போதும்.

அப்படியானால் அசல் இரும்பிலேயே செய்துவிடலாமே என்று மாப்பிள்ளை கேட்டார். பாம்பன் பாலத்தைப் பாருங்கள் என்றேன். 1914-இல் திறந்த பாலம். அதற்கென்றே ஆள் வைத்துச் சுரண்டிச் சுரண்டிப் பெயின்ட் அடித்தும், துருவால் தளர்ந்து 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தவேண்டி வந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும், மேலே பாலிசிலாக்ஸேன் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள். உலோகத்தைக் காற்று அரிப்பதைச் சோதிக்க காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல்) ஆய்வகத்தார் தகடுகளைக் காயப்போட்டு வைத்த இடங்களில் எங்கள் மண்டபமும் ஒன்று. ஆராய்ச்சிக்கு வசதியான ஊர், ஜன்னலுக்கு அவ்வளவு வசதி இல்லை. இரும்பைத் துத்தநாகத்தில் முக்கி எடுத்து, எபாக்சி பிரைமர் கொடுத்து, மேலே பியூ (பாலியூரிதேன்) பெயின்ட் அடித்தால் தாங்கும்தான். ஆனால் துத்தநாகத்தில் முக்கி எடுத்த பிறகு பட்டறையில் ஓர் இடத்தில் வெல்டு வைத்தாலும் அந்த இடத்தில் கவசம் எரிந்துவிடும். எங்கள் பக்கத்து வெல்டிங் பட்டறைகளில் அப்படி வைக்காமல் ஜன்னல் முடிவதில்லை. இரும்பை அத்தோடு விட்டுவிட்டோம்.

மரத்தைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. நல்ல தேக்கு உப்புக்கு அஞ்சாது. ஆனால் தேக்கு வாங்கி அதன்மேல் கருப்பு அடிப்பது பட்டுச்சேலைக்குச் சாயம் போடுவது மாதிரி. வெயில்படுகிற சுவரில் கருப்புப் பூச்சு மரத்தை உலர்த்தி இணைப்பைப் பிளக்கும், மழைக்காலத்தில் அதே மரம் ஊதிக் கதவு பிடிக்கும். ஒரே ஒரு சபலம் இருந்தது. இடித்த பழைய வீட்டிலிருந்து வருகிற வைரம் பாய்ந்த பனஞ்சட்டம் இயற்கையிலேயே கருப்பு. அதை ஜன்னலாக்கத் துணியவில்லை, வராந்தாத் திண்ணைக்கு விளிம்பாக வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

மிச்சம் இரண்டு: அலுமினியம், யுபிவிசி. உண்மையான போட்டி இவற்றுக்கு நடுவில்தான். இரண்டும் துருப்பிடிக்காது என்று இரண்டு கடைக்காரர்களும் சத்தியம் செய்வார்கள். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை.

உப்பின் குணத்தைத் தெரிந்துகொண்டால்தான் மீதிப் பாதி புரியும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டிவிட்டால், படிந்திருக்கிற உப்புத் தூள் தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். நம் கரையில் பெரும்பாலான இரவுகளில் அந்த அளவு தாண்டிவிடுகிறது. பகலில் காய்ந்து வெள்ளையாகத் தெரிகிற சட்டம், ராத்திரியானால் உப்புநீரில் ஊறுகிறது. விடிந்தால் மறுபடி காய்கிறது. வைகாசிக்குப் பிறகு தென்மேற்குக் காற்று எழும்பினால் மணலும் சேர்ந்து வந்து உரசும். வடக்கே பாக் விரிகுடாப் பக்கம், நாங்கள் பெண் கடல் என்று சொல்கிற ஓரத்தில், இந்த அடி கொஞ்சம் குறைவு. ஒரே வீட்டிலேயே வடக்குச் சுவர் படுகிற பாடும் தெற்குச் சுவர் படுகிற பாடும் வேறு.

இனி என் சொந்தக் கதை. மண்டபத்து வீட்டில் சமையலறைக்கும் முன்னறைக்கும் கருப்புப் பவுடர் கோட்டிங் அலுமினியம் போட்டேன். பார்க்க அம்சமாக இருந்தது. மூன்றாவது வருஷம் சட்டத்தின் மூலைகளில், பூச்சுக்கு அடியில் புழு ஊர்ந்த தடம் மாதிரி மெல்லிய கோடுகள். நகத்தால் கீறினால் கருப்புத் தோல் உரிந்து, உள்ளே வெள்ளை மாவு. போட்டுக் கொடுத்தவரைக் கூப்பிட்டால், "கடல்காத்துண்ணே, நாங்க என்ன செய்ய?" என்றார். கடல்காற்று அவர் போட்ட வருஷமும் வீசிக்கொண்டுதான் இருந்தது.

அப்புறம் விசாரித்ததில் தெரிந்தது இது. பவுடர் கோட்டிங்கின் தடிமன் 60 முதல் 80 மைக்ரான், அதாவது ஒரு தலைமுடிப் பருமன். காப்பாற்றுகிற வேலையை அது மட்டும் செய்வதில்லை. பூசுவதற்கு முன் அலுமினியத்தின் மேல்தோலை ரசாயனத்தில் அரித்துச் சுத்தம் செய்து, அதன்மேல் ஒரு பிடிமானப் படலம் ஏற்றவேண்டும். ஐரோப்பாவின் குவாலிகோட் முத்திரையில் கடலோரத்துக்கென்றே 'சீசைடு' என்று ஒரு வகை உண்டு. அதில் சதுர மீட்டருக்குக் குறைந்தது 2 கிராம் அலுமினியத்தை அரித்து எடுத்த பிறகே பூசவேண்டும் என்பது விதி. அரிக்காமல் வெறும் துடைப்போடு பூசினால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. மூன்றாவது வருஷம்தான் தெரியும்.

பவுடரிலும் சாதி உண்டு. கட்டிலுக்கும் பீரோவுக்கும் அடிக்கிற எபாக்சி கலந்த பவுடர் வெயிலில் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கையில் ஒட்டும். கருப்பில் அது சாம்பல் பூசியது போல அப்பட்டமாகத் தெரியும். ஜன்னலுக்குச் சுத்த பாலியெஸ்டர் வேண்டும். அதிலும் 'சூப்பர் ட்யூரபிள்' என்கிற வகை நல்லது. அமெரிக்காவின் ஆமா (AAMA) 2604 என்ற தரம் ஃபுளோரிடா வெயிலில் 5 வருஷம் வைத்துப் பார்த்த பூச்சுக்கு, 2605 என்பது 10 வருஷம் பார்த்த பூச்சுக்கு. கடைக்காரரிடம் இந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். பதில் வராவிட்டாலும் அவர் முகம் மாறுவதைப் பார்த்தே பாதி முடிவு எடுத்துவிடலாம்.

என் ஜன்னலில் புழு ஊரத் தொடங்கிய இடம் மூலை. காரணம், கம்பெனியிலிருந்து நீளமாகப் பூசி வருகிற சட்டத்தை இங்கே 45 பாகையில் அறுக்கிறார்கள். அறுத்த முகத்தில் பூச்சு இல்லை. பச்சைப் புண். அதே மாதிரிதான் ஸ்குரூ ஓட்டை ஒவ்வொன்றும். அறுத்த முகத்தில் சீலர் தடவி இணைக்கச் சொல்ல வேண்டும். ஐந்து நிமிட வேலை, யாரும் தானாகச் செய்வதில்லை. ஸ்குரூ எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) 316-ஆக இருக்கவேண்டும், அதில் கலந்திருக்கிற மாலிப்டினம்தான் உப்புக்குப் பதில் சொல்வது. கடைகளில் எஸ்.எஸ். என்று பொதுவாகச் சொல்லி 202 கொடுப்பார்கள். 316-ஐயும் அலுமினியத்தில் வெறுமனே முறுக்கினால், உப்புநீர் நடுவில் நின்று மின்கலம் மாதிரி வேலை செய்து அலுமினியத்தைத்தான் தின்னும். நடுவில் ஒரு நைலான் வாஷர் போதும். கண்ணாடியைச் சுற்றி ஊற்றுகிற சிலிக்கானில் புளிச்ச காடி வாடை வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அது அசிட்டிக் அமிலம் விடுகிற வகை, உலோகத்துக்கு ஆகாது. வாடை இல்லாத நியூட்ரல் வகையும் அதே அலமாரியில்தான் இருக்கும், விலை சற்றுக் கூட.

இன்னொன்று, சுவர்ப் பூச்சு வேலை முடிவதற்கு முன் ஜன்னலை மாட்டாதீர்கள். ஈரச் சிமென்ட்டும் சுண்ணாம்பும் அலுமினியத்தைச் சுட்டுவிடும். கருப்பில் விழுந்த வெள்ளைத் தழும்பு போகவே போகாது. மேலே ஒட்டி வருகிற பாதுகாப்பு டேப் இருக்கிறதே என்பார்கள். வளைகுடாப் பணத்தில் எழும்புகிற வீடு பாதியில் ஆறு மாதம் நிற்பது நம் பக்கத்தில் சகஜம். அந்த ஆறு மாத வெயிலில் டேப் வெந்து சட்டத்தோடு ஒன்றாகிவிடும். அப்புறம் மண்ணெண்ணெய் வைத்துச் சுரண்டவேண்டும்.

அலுமினியத்திலேயே வேறு வழி, கருப்பு அனோடைசிங். இதில் மேலே தோல் கிடையாது. அலுமினியத்தின் மேற்பரப்பையே கெட்டியான படலமாக மாற்றி, அதன் துவாரங்களுக்குள் நிறத்தை ஏற்றுகிறார்கள். தோல் இல்லாததால் உரியவும் வழியில்லை, புழுத் தடமும் வராது. கடலோரத்துக்கு 25 மைக்ரான் படலம் கேட்கவேண்டும். சாதாரணமாக வீட்டு ஜன்னல்களுக்கு வருவது அதில் பாதியோ அதற்கும் கீழோதான். நிறத்தை வெறும் சாயத்தில் தோய்க்காமல் வெள்ளீய உப்பில் மின்முறையில் ஏற்றியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெயிலில் பழுப்படிக்கும். குறை என்னவென்றால் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நிறம் லேசாக மாறும், சிமென்ட் பட்டால் பவுடர் பூச்சைவிட இது சீக்கிரம் கறைபடும். மனசுக்குப் பிடித்தது எனக்கு இதுதான். ஆனால் மூன்று ஜன்னலுக்காக 25 மைக்ரான் கருப்பு ஏற்றித் தர யாரும் முன்வரவில்லை. அபார்ட்மென்ட் கட்டுகிறவர்களுக்கு அது சரிப்படும்.

யுபிவிசிக்கு வருவோம். உப்பு இதைத் தொடாது, அது உண்மை. இதன் எதிரி வெயில், அதிலும் கருப்பாக இருந்தால். யுபிவிசி அடிப்படையில் வெள்ளைப் பொருள். வெயிலைத் தாங்கட்டும் என்று கலக்கிற டைட்டானியம் டை ஆக்சைடுதான் அந்த வெண்மை. கருப்பு யுபிவிசி என்று கடையில் காட்டுவது, வெள்ளைச் சட்டத்தின்மேல் கருப்பு அக்ரிலிக் தாள் ஒட்டியது, அல்லது மேலே மெல்லிய கருப்பு அடுக்கோடு சேர்த்து வார்த்தது. அறுத்த துண்டைக் காட்டச் சொன்னால் உள்ளே வெள்ளை தெரியும்.

வெள்ளைப் பரப்பு தன்மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். கருப்பு பத்தில் ஒன்பது பங்கை விழுங்கிவிடும். சித்திரை மாதம் மேற்குச் சுவரில் மூன்று மணிக்குக் கருப்புச் சட்டத்தில் கை வைத்தால் எடுத்துவிடுவீர்கள். 65, 70 டிகிரியைத் தொடும். யுபிவிசி இளகத் தொடங்குவது 80 டிகிரிக்கு அக்கம்பக்கத்தில். உருகி வழிந்துவிடாது, பயப்பட வேண்டாம். ஆனால் சூட்டில் நீளும். காலைக்கும் பிற்பகலுக்கும் சட்டத்தின் சூடு 40 டிகிரி ஏறினால், 2 மீட்டர் நீளச் சட்டம் கணக்குப்படி ஐந்து ஐந்தரை மில்லிமீட்டர் நீளப் பார்க்கும். அதே நீள அலுமினியம் இரண்டு மி.மீ.க்குள், இரும்பு ஒரு மி.மீ. யுபிவிசிக்கு உள்ளே வைக்கிற இரும்புப் பட்டை இதைக் கொஞ்சம் பிடித்து நிறுத்தும். ஆனாலும் நாள்தோறும் நீண்டு சுருங்கிப் பெரிய கதவுகள் வளைந்து, கொண்டி தாழில் விழாமல் போகும். காலையில் பூட்டுகிற ஜன்னல் மாலையில் பூட்டாது. அந்த உள்பட்டை துத்தநாகம் பூசியதா என்பதையும், தண்ணீர் வடிகிற ஓட்டை பட்டை இருக்கிற அறைக்குள் போகாமல் தனி அறை வழியாக வெளியேறுகிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். உப்புநீர் உள்ளே போய்விட்டால் வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே துரு ஊதிக்கொண்டிருக்கும்.

சட்டத்தின் சுவர்த் தடிமனும் முக்கியம். ஐரோப்பியக் கணக்கில் ஏ வகுப்புக்கு வெளிச்சுவர் குறைந்தது 2.8 மி.மீ., பி வகுப்புக்கு 2.5. விலை குறைத்துச் சொல்கிற கடையில் அறுத்த துண்டை வாங்கி ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், இரண்டு மில்லிமீட்டரை எட்டவில்லை.

கருப்பு யுபிவிசி வேண்டாம் என்று எழுதிவிட்டு முடித்திருப்பேன். மதுரையில் ஒரு கடைப் பையன் போகிற போக்கில் சொன்ன ஒரு வார்த்தை கணக்கை மாற்றியது. "அண்ணே, தாளை ஒரு பக்கம் மட்டும்கூட ஒட்டலாமே." வெளிப்பக்கம் கருப்பு, உள்பக்கம் வெள்ளை என்று பலர் வாங்குகிறார்களாம். அதைத் திருப்பிப் போட்டால் என்ன? வெளியே வெள்ளை, உள்ளே கருப்பு. வெயில் விழுவது வெள்ளையில். சோபாவில் உட்கார்ந்து கடலைப் பார்க்கிறவருக்குத் தெரிவது கருப்புச் சட்டம். மாப்பிள்ளை அனுப்பிய பதினேழில் பதினோரு படம் வீட்டுக்குள்ளிருந்து எடுத்ததுதான். அவர் ஆசைப்பட்டது உள்ளேயிருந்து தெரிகிற கருப்புக்கு என்பதை அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன்.

சன்ஷேடு விஷயத்தில் ஒரு முரண் இருக்கிறது. நம் ஊர் 9 பாகை வடக்கில் கிடப்பதால் சித்திரையிலிருந்து ஆவணி வரை உச்சிவெயில் வடக்குப் பக்கம் சாய்ந்து விழும், மற்ற மாதங்களில் தெற்கே. இரண்டு பக்கமும் சூரியன் உயரத்திலேயே நிற்பதால் இரண்டடி நீட்டிய சன்ஷேட் பெரும்பாலும் சமாளித்துவிடும். மேற்கில் மாலைச் சூரியன் தாழ வந்து நேரே அடிக்கும், எந்த சன்ஷேட்டும் அங்கே பலிக்காது. சரி, நன்றாக நீட்டிவிடுவோம் என்றால், நீட்டிய சன்ஷேட்டுக்கு அடியில் மழை படாது. மழை பட்டால்தானே உப்பு கழுவிப்போகும்? கடலோர வீடுகளில் மழை நனைக்கிற ஜன்னலைவிட, மழை எட்டாத வராந்தா ஜன்னல் முதலில் கெடுவது இதனால்தான். வெயிலுக்கு மறைத்தால் கையால் கழுவவேண்டும்.

கழுவுகிற தண்ணீருக்கும் யோசிக்க வேண்டும். போர் தண்ணீர் நம் பக்கத்தில் பெரும்பாலும் உவர். அதில் கழுவினால் உப்பை எடுத்துவிட்டு வேறு உப்பைப் பூசுகிறோம். வெள்ளைச் சட்டத்தில் தெரியாது, கருப்பில் திட்டுத்திட்டாகத் தேமல் மாதிரி தெரியும். காவிரிக் கூட்டுக்குடிநீர் ஒரு வாளி, நாலு சொட்டுப் பாத்திரம் கழுவுகிற சோப்பு, பழைய பனியன் துணி, மாதம் ஒருமுறை. பிளீச்சிங் பவுடர், ஆசிட், கம்பி நார் கூடவே கூடாது. இதைச் செய்ய வீட்டில் ஆள் இல்லையென்றால் கருப்பை விட்டுவிடுங்கள். பூட்டிக் கிடக்கிற வளைகுடாக்காரர் வீடுகளுக்குக் கருப்பு ஒத்துவராது என்பது என் அபிப்பிராயம். மாப்பிள்ளை வீட்டில் தங்கச்சியும் ஆத்தாவும் இருக்கிறார்கள் என்பதால்தான் சம்மதித்தேன். அப்படியும் நிற அட்டையில் (RAL) சுத்தக் கருப்பான ரால் 9005-க்குப் பதில் 7016 என்கிற கருஞ்சாம்பல் நிறத்தைப் பரிந்துரைத்தேன். ரோட்டிலிருந்து பார்த்தால் கருப்பாகவே தெரியும், உப்பும் புழுதியும் பாதிதான் காட்டும். சொரசொரப்பான மேட் வேண்டாம், அதில் தூசி வேர்விடும். வழவழப்பான மேட் துடைக்க எளிது.

தள்ளுகதவா, திறப்புக்கதவா என்பதும் நிறத்தைவிடப் பெரிய கேள்வி. தள்ளுகதவில் எப்போதும் பாதிதான் திறக்கும். கரண்ட் போன ராத்திரியில் அந்தப் பாதிக் காற்றின் அருமை தெரியும். டிராக்கில் மணலும் உப்பும் சேர்ந்து உருளையைக் கடித்துவிடும். மழைக்கும் அது ஒழுகும். 2024 நவம்பர் 20-ஆம் தேதி ராமேஸ்வரத்தில் பத்து மணி நேரத்தில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியதே, அன்று எங்கள் வீட்டுத் தள்ளுகதவு டிராக் நிறைந்து முன்னறைக்குள் வழிந்தது. ஓட்டைகளில் பாதி மணலால் அடைத்திருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். திறப்புக்கதவு முழுசாகத் திறக்கும், ரப்பரை அழுத்தி மூடுவதால் ஒழுகாது. ஆனால் வெளியே திறக்கிற கதவைச் சோழகக் காற்று பிடுங்கி அடிக்கும். ஆகவே அகலம் இரண்டடிக்கு மேல் போகாமல், திறந்த கதவைப் பிடித்து நிறுத்துகிற 316 எஃகு ஃபிரிக்ஷன் ஸ்டே போட்டால்தான் நிற்கும். கதவு வெளியே திறப்பதால் கம்பி உள்பக்கம் வந்துவிடும்; உப்பும் மழையும் படாத இடம், துருவுக்கும் பாதி வேலை குறையும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்குக் கருப்புச் சட்டம் முன்னாலும் கம்பி பின்னாலும் தெரியும். படத்தில் உள்ள அழகு ஓரளவாவது மிஞ்சுவது இந்த ஏற்பாட்டில்தான்.

விலையில் எங்களுக்கு வந்த கொட்டேஷன்களை ஏறுவரிசையில் சொன்னால்: உள்ளூர் அலுமினியத் தள்ளுகதவு, வெள்ளை யுபிவிசி, ஒருபக்கத் தாள் ஒட்டிய யுபிவிசி, இருபக்கத் தாள், கடலோரப் பூச்சோடு கம்பெனி அலுமினியத் திறப்புக்கதவு, கடைசியில் தேக்கு. முதலாவதற்கும் ஐந்தாவதற்கும் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். என் மண்டபத்து வீட்டில் நான் மிச்சம் பிடித்ததாக நினைத்தது அந்த வித்தியாசத்தைத்தான்.

கடைசியில் சுவர் சுவராகப் பிரித்தோம். வடக்கே, ரோட்டுப் பக்கம், காற்று அடங்கிய இடம்; ஊர் பார்க்கிற முகமும் அதுதான். அங்கே மூன்று ஜன்னல், கடலோரப் பூச்சு கொடுத்த கருஞ்சாம்பல் அலுமினியம், திறப்புக்கதவு. தெற்கே கடல் பக்கம் வெளியே வெள்ளை உள்ளே கருப்பு யுபிவிசி, தரையிலிருந்து கூரைவரை என்ற ஆசையை நாலரை அடியில் நிறுத்தியாயிற்று. மேற்கில் ஜன்னலே வேண்டாம் என்றேன். ஒரு சின்ன வெள்ளை ஜன்னலோடு சமாதானம் ஆனது. சமையலறை, குளியலறை வெள்ளை.

மாப்பிள்ளையிடம் தெற்குச் சுவர் விஷயத்தைச் சொல்ல மூன்று நாள் தள்ளிப்போட்டேன். சொன்னதும் கொஞ்ச நேரம் லைனில் சத்தமில்லை.

"அப்ப பின்னாடி இருந்து பார்த்தா வெள்ளையாத்தானே மச்சான் தெரியும்?"

"பின்னாடி இருந்து யாரு பார்க்கப் போறா மாப்பிள்ளை? ஆடும் மயிலும்தான்."

சிரித்துவிட்டார். ஆத்தாவிடம் வெளியே வெள்ளைதான் என்று மட்டும் சொல்லியிருக்கிறோம். பிளம்பரிடம் பின்வாசல் பக்கம் ஒரு குழாய் கூடுதலாக வைக்கச் சொன்னேன், போர் லைனில் இல்லை, காவிரித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து.